பழுது பார்த்த கைகள்: ஆர்வில் ரைட்டின் வாழ்க்கை

பழைய பொருளைக் கண்டால் முகஞ்சுளித்து ஒதுக்குவோர் உண்டு. அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை வேறு எதற்கு ஆக்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு. இரண்டாம் வகையினர் பெரும்பாலும் பட்டறைகளிலும் பழுது பார்க்கும் கடைகளிலும் பெயர் தெரியாமலே வாழ்ந்து மறைகின்றனர். அவர்களுள் ஒருவர் உலகப் புகழ் பெற்றார். மனிதனைச் சுமந்து, தன் விசையாலேயே எழுந்து, ஓட்டுநரின் ஆளுகைக்கு அடங்கிப் பறந்த முதல் வானூர்தியை 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஓட்டிய ஆர்வில் ரைட்டே அவர்.

ஆர்விலையும் அவர் தமையனார் வில்பரையும் சேர்த்து ரைட் சகோதரர்கள் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அவர்கள் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவர்கள் என்பதையும் அறிவோம். ஆயின் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கொண்டு மேலே சென்றுவிடுகிறோம். அக்கடையில் பழகிய கைகளும் கண்களுமே வானூர்தியைப் படைத்தன என்பதை ஆர்விலின் வாழ்க்கை நமக்குக் காட்டும்.

தாயார் தந்த கைப்பழக்கம்

ஆர்வில் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த டேட்டன் நகரில் பிறந்தார். வில்பர் அவருக்கு நான்கு ஆண்டு மூத்தவர். தந்தையார் மில்ட்டன் ரைட் கிறித்தவத் திருச்சபை ஒன்றின் பேராயர்; ஊர் ஊராகச் சென்று சமயப்பணி ஆற்றியவர். வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. ஆயினும் சுத்தியலும் உளியும் பிள்ளைகளுக்குப் பழக்கமானது தாயார் வழியாகத்தான். தாயார் சூசன், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகள். சிறுமியாய் இருந்தபோதே தந்தையின் பட்டறையில் கருவிகளைக் கையாளக் கற்றவர். பிள்ளைகளுக்குப் பனியில் சறுக்கும் வண்டியும், வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளும் தம் கையாலேயே செய்தவர்.

1878இல் தந்தையார் ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் கொண்டு செய்யப்பட்டு, முறுக்கிய இரப்பர்ப் பட்டையின் விசையால் மேலெழும் பொம்மை அது. அது உடைந்ததும் சிறுவர்கள் வேறொன்று கேட்டு அழவில்லை. அதைப் பார்த்துத் தாமே புதிது செய்தனர். பின் அதைவிடப் பெரிதாகச் செய்து பார்த்தனர். பெரிதாகப் பெரிதாக அது சரிவரப் பறக்க மறுத்தது. அளவை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்ற உண்மை அவர்கள் கைக்கு அன்றே எட்டியது. காரணம் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

கல்லறைக் கல்லும் அச்சுப்பொறியும்

இளமையில் ஆர்விலின் உள்ளத்தைக் கவர்ந்தது அச்சுத்தொழில். விலை கொடுத்து நல்ல அச்சுப்பொறி வாங்க வசதியில்லை. 1888இல் அண்ணனும் தம்பியுமாகத் தாமே ஒன்று செய்யத் துணிந்தனர். எழுத்துகளைப் பரப்புவதற்குத் தட்டையான, அசையாத பரப்பு வேண்டுமல்லவா? பழுதுபட்ட கல்லறைக் கல் ஒன்று அதற்கு உதவியது. தாளின்மீது அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழவேண்டும். பழைய குதிரைவண்டியின் மடக்குக் கூரையில் இருந்த கீல்கம்பிகள் அதற்குப் பயன்பட்டன. விறகுக் கட்டைகளும் உடைந்த இரும்புத் துண்டுகளும் எஞ்சிய உறுப்புகளாயின. இப்பொறி மணிக்கு ஆயிரம் தாள்கள் அச்சிட்டது. அச்சுத்தொழிலில் பழுத்த ஒருவர் இதைக் காண வந்து, தரையில் படுத்து அடியிலும் நுழைந்து பார்த்தார். பொறி வேலை செய்வது தெரிகிறது, எப்படிச் செய்கிறது என்பதுதான் தெரியவில்லை என்று வியந்து சென்றாராம்.

1889இல் ஆர்வில் உள்ளூர் வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் காசநோய் தாயாரைக் கொண்டு சென்றது. ஆர்வில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறவில்லை. வில்பரும் கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். தாயார் கைக்குள் வைத்துச் சென்ற திறனே இருவருக்கும் முதலாயிற்று.

மிதிவண்டிக் கடை

அக்காலத்தில் அமெரிக்காவெங்கும் மிதிவண்டி மோகம் பரவியிருந்தது. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் சிறிதுமாக இருந்த பழைய உயர்சக்கர வண்டிகள் வழக்கொழிந்து வந்தன. இரு சக்கரங்களும் ஒத்த அளவில் அமைந்து, சங்கிலியால் இயங்கும் புதுவகை வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1892இல் ஆர்வில் 160 டாலர் கொடுத்துப் புதிய வண்டி ஒன்று வாங்கினார். சிக்கனக்காரரான வில்பர் 80 டாலருக்குப் பழைய வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். இருவருடைய கைத்திறனையும் அறிந்த நண்பர்கள் தம் வண்டிகளைப் பழுது பார்க்கக் கொண்டுவரலாயினர். வேலை பெருகவே, சகோதரர்கள் டேட்டனின் மேற்கு மூன்றாம் தெருவில் இடம் பிடித்து, 1893இல் கடை திறந்தனர். புதிய வண்டி விற்றல், வாடகைக்கு விடுதல், பழையவற்றைக் கைமாற்றுதல், பழுது பார்த்தல் ஆகிய எல்லாம் அங்கு நடைபெற்றன.

அந்நாளில் அவர்கள் செய்த விளையாட்டு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். எவரும் விரும்பாத பழைய உயர்சக்கர வண்டிகள் இரண்டைச் சேர்த்து, இருவர் ஏறும் ஒரே வண்டியாக ஆக்கினர். அதை ஓட்டுவது எளிதாயில்லை. தெருவில் கண்டோர் நகைத்தனர். ஆயின் வேறுவேறு காலத்து உறுப்புகளை ஓர் உடலாகப் பொருத்துவோன் முதலில் அவற்றை அளந்து அறியவேண்டும். எந்தக் குழாய் எவ்வளவு பளு தாங்கும், எந்த இணைப்பு முதலில் விட்டுப்போகும், எந்த மரை எதனோடு சேரும் என்பதெல்லாம் புது வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஏறுவோனுக்குத் தெரியாது. பழையதைப் பிரித்துப் போட்டு மீண்டும் கட்டியவனுக்கே தெரியும்.

1896 முதல் அவர்கள் தம் பெயரிலேயே வண்டிகள் செய்யத் தொடங்கினர். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போல, கேட்பவருக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் செய்யப்பட்ட வண்டிகள் அவை. எஃகுக் குழாய்களை அறுத்து, பொருத்தி, பித்தளை உருக்கிப் பற்றவைத்துச் சட்டம் கட்டினர். டயரும் இருக்கையும் போன்றவற்றை வெளியிலிருந்து வாங்கினர். தூசி புகாமலும் எண்ணெய் வெளியேறாமலும் காக்கும் சக்கரக் குடத்தைத் தாமே வகுத்தனர். உயர்ந்த வகைக்கு வான் கிளீவ் என்று தம் முன்னோரின் குடும்பப் பெயரை இட்டனர். 1900இல் தாமாகக் கழன்று விழாத மிதியை அறிவித்தனர். இடப்பக்க மிதிக்கு எதிர்த்திசை மரை இட்டதே அதன் நுட்பம். இன்று நாம் ஏறும் மிதிவண்டியிலும் இடப்பக்க மிதியை மாற்றிச் சுழற்றித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. ஐயமுள்ளோர் தம் வண்டியிலேயே சோதித்துக் கொள்ளலாம்.

நிற்காத ஊர்தி தந்த பாடம்

1896 ஆகஸ்டில் செருமானியர் ஆட்டோ லிலியந்தால் தம் சறுக்கு வானூர்தியிலிருந்து விழுந்து மாண்டார். அச்செய்தி வில்பரின் உள்ளத்தில் தைத்தது. அவ்வாண்டில் ஆர்வில் நச்சுக்காய்ச்சலால் பல வாரங்கள் படுக்கையில் கிடந்தார். வில்பரும் தங்கை கேதரினும் இரவுபகலாகக் காத்து அவரைப் பிழைக்க வைத்தனர். பின்னர் இருவரும் பறத்தலைப் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினர்.

அந்நாளைய அறிஞர் பலர், விடப்பட்டதும் தானே நிலையாக மிதக்கும் ஊர்தியையே தேடிக்கொண்டிருந்தனர். மிதிவண்டிக்காரர்களுக்கு அத்தகைய மயக்கம் இல்லை. மிதிவண்டி தானாக நிற்காது, விட்டால் விழும். எனினும் ஏறியவன் நொடிதோறும் திருத்திக்கொண்டே இருந்தால் அதைவிட அடக்கமான ஊர்தி வேறில்லை. திரும்பும்போது அது திரும்பும் பக்கம் சாயவும் வேண்டும். வானத்திலும் அவ்வாறே சாய்த்துத் திருப்பவேண்டும் என்று அவர்கள் கண்டனர். அதற்கு வழி யாது? 1899இல் ஒருநாள் கடையில் சைக்கிள் டியூப் வைக்கும் நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றை வில்பர் பேச்சுவாக்கில் முறுக்கினார். அதன் ஒரு முனை மேல்நோக்கியும் மறுமுனை கீழ்நோக்கியும் திரும்பின. இறக்கையையும் இவ்வாறு முறுக்கினால் ஒரு பக்கம் உயரும், மறுபக்கம் தாழும் என்பது அவருக்கு மின்னலெனத் தோன்றியது. எறியவேண்டிய வெற்றுப்பெட்டி ஒரு புதிய அறிவியலின் முதற்கருவியாயிற்று.

அச்சிட்ட எண்களை ஐயுற்றமை

1900இலும் 1901இலும் வடகரோலினா மாநிலத்துக் கடற்கரை ஊரான கிட்டி ஹாக்குக்குச் சென்று சறுக்கு வானூர்திகளைச் சோதித்தனர். 1901இல் செய்த ஊர்தியின் தூக்குவிசை, கணக்கிட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருந்தது. மனம் உடைந்து ஊர் திரும்பினர். தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்று வில்பர் சலித்துக்கொண்டார்.

எது பிழை? கட்டிய ஊர்தியா, நம்பிய எண்களா? பேரறிஞர்களின் அட்டவணைகளைப் பள்ளிச் சான்றிதழும் இல்லாத இருவர் ஐயுறலாமா? இதுவே அவர்கள் வாழ்வின் பெரிய திருப்பம். விடை தேட அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை, மிதிவண்டி இருந்தது. வண்டியின் கைப்பிடிக்கு மேல் இன்னொரு சக்கரத்தைக் கிடையாகப் பொருத்தினர். அதன் விளிம்பில் வளைந்த சிற்றிறக்கை ஒன்றும், தட்டையான தகடு ஒன்றும் அமைத்தனர். வண்டியை விரைந்து மிதிக்க, எதிர்க்காற்று இரண்டையும் தள்ளியது. அட்டவணைப்படி 5 பாகைச் சாய்வில் இரண்டும் சமனாக நிற்கவேண்டும். உண்மையில் 18 பாகை தேவைப்பட்டது. டேட்டன் தெருக்களில் மூச்சிரைக்க மிதித்தவர்கள் அச்சிட்ட எண்களில் ஐயத்துக்கு இடமுண்டு என்பதைக் கண்டுவிட்டனர்.

தெருக்காற்று நிலையற்றது. ஆதலால் ஆர்வில் பழைய கஞ்சிமாவுப் பெட்டி ஒன்றைக் கொண்டு சிறிய காற்றுக்கூண்டு செய்தார். பிறகு 6 அடி நீளத்தில் பெரிய கூண்டு ஒன்றை இருவரும் கட்டினர். கடையின் பொறியே அதன் விசிறியைச் சுழற்றியது. இறக்கைகளின் தூக்குவிசையை அளக்கும் நுட்பமான தராசுகளை எவற்றால் செய்தனர் தெரியுமா? இரும்பறுக்கும் பழைய வாள்தகடுகளாலும் மிதிவண்டியின் ஆரக்கம்பிகளாலும்! பார்வைக்கு அவை குப்பைக் கூளம். ஆயின் அவை தந்த அளவுகள் அந்நாளில் உலகில் வேறெவரிடமும் இல்லாத அளவுகள். 1901ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஏறத்தாழ 200 சிற்றிறக்கைகளை அவ்வாறு ஆராய்ந்தனர். 18ஆம் நூற்றாண்டு முதல் பொறியாளர்கள் கையாண்டு வந்த 0.005 என்னும் காற்றழுத்த எண் மிகையானது, ஏறத்தாழ 0.0033 என்பதே சரி என்று கண்டனர். லிலியந்தாலின் அட்டவணை அவர்கள் முதலில் ஐயுற்ற அளவுக்குத் தவறானதன்று என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதையும் அவர்கள் நேர்மையோடு ஒப்பினர்.

கிட்டி ஹாக்கில் ஒரு காலை

திருத்திய எண்களால் கட்டிய 1902ஆம் ஆண்டுச் சறுக்கு வானூர்தி சொன்னபடி கேட்டது. இனி வேண்டியது பொறி. எடை குறைந்த பொறி தர எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை. கடையில் மிதிவண்டி பழுது பார்த்துவந்த சார்லி டெய்லர் ஆறே வாரங்களில், கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும் கொண்டு, 12 குதிரைத்திறன் பொறியைச் செய்து முடித்தார். அதன் விசையை இரு சுழலிகளுக்கும் கொண்டு சென்றவை மிதிவண்டியில் உள்ளவை போன்ற சங்கிலிகளும் பற்சக்கரங்களுமே. சுழலிகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலவேண்டும். அதற்காக ஒரு சங்கிலியை எட்டு என்னும் ஆங்கில இலக்கத்தின் வடிவில் மாற்றிப் போட்டனர். வானூர்தி ஓடி எழ, மணலில் மரத்தண்டவாளம் இட்டு, அதில் ஓடும் வண்டிக்கு மிதிவண்டிச் சக்கரத்தின் குடங்களைப் பொருத்தினர்.

1903 நவம்பரில் சோதித்தபோது அச்சுகளில் பற்சக்கரங்கள் நில்லாமல் கழன்றன. எவ்வளவு முடுக்கியும் பயனில்லை. இறுதியில் டயரை விளிம்போடு ஒட்டும் பசையை உருக்கி ஊற்றி இறுக்கினர். சக்கரங்கள் அசையவில்லை. பிறகு அச்சே விரிசல் விட்டது. ஆர்வில் டேட்டனுக்கு ஓடி, எஃகுத் தண்டில் புதிய அச்சுகள் செய்துகொண்டு டிசம்பர் 11ஆம் நாள் திரும்பினார். அதற்கு மூன்று நாள் முன்பு, அரசு தந்த 50,000 டாலர் உதவியோடு பேராசிரியர் லாங்லி செய்த வானூர்தி பொட்டோமாக் ஆற்றில் விழுந்து உடைந்திருந்தது. சகோதரர்களின் மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் குறைவு.

டிசம்பர் 14ஆம் நாள் நாணயம் சுண்டியதில் வில்பருக்கு வாய்ப்பு வந்தது. ஊர்தி எழுந்ததும் மூக்குத் தூக்கி மணலில் இறங்கி உடைந்தது. உடைந்ததைச் சரிசெய்தனர். 17ஆம் நாள் காலை 10.35க்கு ஆர்வில் ஏறிப் படுத்தார். கடுங்குளிர், பலத்த எதிர்க்காற்று. 12 வினாடிகளில் ஊர்தி 120 அடி பறந்தது. அன்றைய நான்காம் முறை வில்பர் 59 வினாடிகளில் 852 அடி பறந்தார். பிறகு ஒரு காற்று வீசி, நின்ற ஊர்தியைப் புரட்டிப் போட்டு உடைத்தது. அதன் துண்டுகளைக் கூடப் பெட்டியிலிட்டு ஊருக்குக் கொண்டு வந்தனர்.

உடைந்த துண்டுகள் சொன்ன உண்மை

1908 செப்டம்பர் 17ஆம் நாள் வாசிங்டனுக்கு அருகே படையினர் முன்னிலையில் ஆர்வில் பறந்து காட்டினார். உடன் சென்றவர் இளம் படை அதிகாரி தாமசு செல்ஃப்ரிட்ச். நடுவானில் சுழலி விரிந்து, வால்பகுதியைத் தாங்கும் கம்பியைத் தாக்கியது. வானூர்தி தலைகீழாக வீழ்ந்தது. செல்ஃப்ரிட்ச் மாண்டார். விசையூர்தி விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவரே. ஆர்விலுக்குத் தொடையும் விலாவெலும்புகளும் முறிந்தன. ஆசிரியைப் பணியை விட்டு ஓடிவந்த தங்கை கேதரின் ஏழு வாரங்கள் மருத்துவமனையிலிருந்து அவரைப் பேணினார். ஆர்வில் படுக்கையில் கிடந்தவாறே உடைந்த உறுப்புகளை ஆராய்ந்து, விபத்தின் காரணத்தைக் கண்டறிந்தார். பழையதைப் பொருத்திப் பயன்கொள்ளும் கலை, அரைகுறையாய் ஒட்டுவது ஆகாது. ஒரு விரிசலைக் கவனியாது விட்டால் ஓர் உயிரே விலையாகும். அடுத்த ஆண்டே அதே இடத்துக்குத் திரும்பி, எஞ்சிய சோதனைகளை வெற்றியோடு முடித்தார்.

ஒட்டாத விரிசல்

1912 மே 30ஆம் நாள் வில்பர் நச்சுக்காய்ச்சலால் காலமானார். ஆர்வில் தனித்தார். மூன்று ஆண்டுகளில் வானூர்தித் தொழிலகத்தை விற்றுவிட்டார். தந்தையாரும் 1917இல் மறைந்தார். இருவரும் மணம் செய்துகொள்ளாதவர்கள் ஆதலின், தங்கை கேதரினே அவர் இல்லத்தின் ஒளி. அண்ணன் பிறந்த அதே ஆகஸ்டு 19ஆம் நாளில், மூன்று ஆண்டு கழித்துப் பிறந்தவர் அவர். 1926இல், தம் 52ஆம் வயதில், கேதரின் மணம் செய்துகொண்டார். ஆர்வில் அதைத் துரோகமாகக் கருதினார்; திருமணத்துக்குச் செல்லவில்லை; பேச்சையும் நிறுத்தினார். 1929இல் கேதரின் நிமோனியாவால் இறக்கும் தறுவாயில்தான் அவர் படுக்கையருகே வந்து சேர்ந்தார். எவ்வளவோ உடைந்த பொருள்களைச் சேர்த்த கைகள், தம் வீட்டில் விழுந்த விரிசலைச் சேர்க்கக் காலம் தாழ்த்திவிட்டன. பெரியோர் வரலாற்றில் இத்தகைய பக்கங்களை மறைப்பது வழக்கம். மறைத்தால் நாம் கற்க வேண்டிய பாடத்தில் பாதி போய்விடும்.

இறுதிப் பணி

1903இன் அவ்வூர்தியோ, 1913இல் டேட்டனை மூழ்கடித்த வெள்ளத்தில் பெட்டியோடு சேற்றில் கிடந்தும் அழியவில்லை. ஆர்வில் அதைச் சீர்செய்தார். முதலில் பறக்கும் தகுதி பெற்றது லாங்லியின் ஊர்தியே என்று சிமித்சோனியன் நிறுவனம் பறைசாற்றியதால் மனம் நொந்து, 1928இல் தம் ஊர்தியை இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1942இல் அந்நிறுவனம் தன் பிழையை ஒப்புக்கொண்டது. திரும்பி வந்த ஊர்தி வாசிங்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது 1948 டிசம்பர் 17ஆம் நாள். அதைக் காண ஆர்வில் இல்லை.

அவ்வாண்டு சனவரி 27ஆம் நாள் காலை, 76 வயதான ஆர்வில் தம் வீட்டு வாயிலின் அழைப்புமணி பழுதுபட்டிருப்பதைக் கண்டார். வேறொருவரை அழைக்க அவருக்கா வசதியில்லை? அவரோ படியேறி இறங்கி, தாமே அதைச் சரிசெய்தார். பின் தம் ஆய்வுக்கூடம் சென்றவர் மாரடைப்பால் சாய்ந்தார். 30ஆம் நாள் உயிர் பிரிந்தது.

1969இல் மனிதன் நிலவில் இறங்கியபோது, அந்த முதல் ஊர்தியின் சிறு மரத்துண்டும் துணித்துண்டும் உடன் சென்றன. 2021இல் செவ்வாய்க் கோளில் பறந்த சிறிய ஊர்தியிலும் அதன் துணித்துண்டு ஒன்று இருந்தது. கல்லறைக் கல்லில் தொடங்கிய பயணம் வேற்றுக்கோள் வரை சென்றுவிட்டது.

கருவி இல்லை, வசதி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை என்று நாம் சோரும்போதெல்லாம், வாள்தகட்டாலும் ஆரக்கம்பியாலும் செய்த அந்தத் தராசை நினைவில் கொள்வோம். நூலில் அச்சேறியது என்பதற்காக ஒன்றை நம்பிவிடாமல், கைக்கு எட்டியதைக் கொண்டு அளந்து பார்க்கும் துணிவே கல்வி. உடைந்த பொருளைச் சேர்க்கும் பொறுமையில் ஒரு பங்கையேனும் உறவுகளைச் சேர்ப்பதற்கும் ஒதுக்குவோம். ஆர்வில் ரைட்டின் வெற்றியும் தோல்வியும் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இவையே.